கண்ணில் படாத மாடு

எங்கள் மந்தையில் 140 தாய்ப்பசுக்கள். எதைக் கை காட்டினாலும் அதன் தாய் எது, எத்தனையாவது ஈற்று, போன வருஷம் என்ன கன்று போட்டது என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. வருகிறவர்களை வேலியோரமாக அழைத்துப்போய் இந்த வித்தையைக் காட்டுவதும் உண்டு. அப்படி வந்த நண்பர் ஒருவர், கூட்டத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்த ஒரு பழுப்பு மாட்டைக் காட்டி "அது?" என்றார். இடது கொம்பு பாதியில் ஒடிந்த மாடு, அதனால் மூளி என்று பெயர். பெயரைத் தவிர எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே சொல்ல வரவில்லை. நான் பொறுப்பெடுத்த நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, மந்தையில் இருக்கிற மாடு. "அது பழைய மாடு" என்று மழுப்பிவிட்டு, பக்கத்தில் நின்ற மகாராணியின் பக்கம் பேச்சைத் திருப்பினேன்.

மகாராணியைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் ஒரு மணி நேரம் பேசுவேன். பளபளக்கும் கறுப்பு, நீண்டு நேராக ஓடும் முதுகு, ஆழமான விலா, அகன்ற பின்புறம், கன்று முட்டி முட்டிக் குடித்தாலும் வற்றாத மடி. போட்டோ எடுக்க வருகிறவர்கள் தானாகவே அவள் பக்கம்தான் போவார்கள். அவள் போட்ட கிடேரிகள் இரண்டையும் மந்தைக்கென்று வைத்துக்கொண்டேன். மூளி போட்ட கிடேரிகள் ஐந்து. ஐந்தையும் விற்றிருந்தேன். இது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று வயிற்றைப் பிசைந்தது, இன்னும் முழுதாக அடங்கவில்லை.

எடைமேடை வந்த நாள்

ஐந்து வருஷத்துக்கு முன்பு வரை நாங்கள் கன்றுகளை மட்டும்தான் எடை போடுவோம். விற்கிற பொருள் அதுதானே. தாய்ப்பசுவை எடை போட்டு என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். அந்த வருஷம் குடற்புழு மருந்து சரியாக வேலை செய்யவில்லை. மருந்து கொடுத்தும் சாணத்தில் முட்டைகள் குறையவில்லை. கால்நடை மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு மருந்து கொடுக்கிறீர்கள்?" நான் 520 என்றேன். "எடை போட்டுப் பார்த்தீர்களா?" இல்லை. குறைந்த அளவில் மருந்து போனால் புழு சாகாது, மருந்துக்குத் தப்பிப் பழகிக்கொள்ளும். சரி, கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிக்கிற நாளில் சினைப் பரிசோதனையும் வைத்திருக்கிறோம், எல்லா மாடும் எப்படியும் கூண்டுக்குள் வரப்போகிறது, அடியில் ஒரு எடைமேடையைப் போட்டுவிடலாம் என்று முடிவானது.

எனக்கு முன்பிருந்தே மந்தையோடு இருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. முதல் மாடு ஏறுவதற்கு முன் அவரிடம் சும்மா கேட்டேன். "அறுநூறுக்குக் குறையாது தம்பி" என்றார். நான் சிரித்தேன். மதியத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. 140 மாடுகளின் சராசரி 607 கிலோ. நான் மனதில் வைத்திருந்த மாடு, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து மாடு. அப்புறம் அது வளர்ந்துகொண்டே போயிருக்கிறது, நான் தினமும் பார்த்துக்கொண்டே இருந்ததால் தெரியவில்லை.

மகாராணி மேடையில் ஏறியபோது 690 காட்டியது. எனக்கு அப்போதும் பெருமைதான், மறைத்து என்ன பயன். மூளி 485. அன்றைக்கு ஏறிய வயதான மாடுகளில் அதுதான் மிகச் சிறியது. பிறகு மருத்துவர் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சொன்னவை: மூளி, சினை, நல்ல வளர்ச்சி, காளையை விட்ட முதல் மூன்று வாரத்திலேயே நின்றிருக்கும். மகாராணி, சினை இல்லை.

இன்னொருமுறை பாருங்கள் என்றேன். பார்த்தார். இல்லை.

நோட்டில் இருந்த தேதிகள்

அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகாராணி ஏன் தவறினாள் என்பதற்கு ஒரு சாக்கு தேடத்தான். காளைமேல் பழி போட முடியுமா, ஏதாவது நோய் வந்ததா, இப்படி. கன்று எடைகள் எழுதிய பக்கங்களை ஒதுக்கிவிட்டு, ஈன்ற தேதிகள் எழுதிய பக்கங்களை முதல்முறையாக வரிசையாகப் படித்தேன். கன்று ஈனும் பருவம் தொடங்கும் நாளை 1 என்று வைத்துக்கொண்டால், மகாராணி தலையீற்றில் 9ஆம் நாள் ஈன்றிருக்கிறாள். அடுத்த வருஷம் 31. அதற்கடுத்து 58. இந்த வருஷம் 84. பிறகு ஒன்றுமில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய ஒரு சினைப்பருவச் சுற்றை, அதாவது 21 நாளைக் கொஞ்சம் தாண்டி, நழுவவிட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். நான்கு வருஷமாக மாடு என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பார்த்தது கன்றை மட்டும்.

மாட்டின் கணக்கு இரக்கமில்லாதது. சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 82 நாளுக்குள் மறுபடி சினை நிற்க வேண்டும். அந்த 82 நாளுக்குள் கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வந்து, சினைப்பருவம் திரும்பி, காளை சேர்ந்து, கரு தங்க வேண்டும். நல்ல உடம்போடு இருக்கிற வளர்ந்த பசுவுக்கே பருவம் திரும்ப 50, 60 நாளாகும். தலையீற்று மாட்டுக்கு இன்னும் அதிகம், அது தானும் வளர்ந்துகொண்டு கன்றுக்கும் பால் கொடுக்கிறது. உடம்பு இளைத்திருந்தால் பருவம் வருவதே தள்ளிப்போகும். தீனி போதாத மாடு முதலில் விட்டுக்கொடுப்பது அடுத்த சினையைத்தான். தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும், மடியில் இருக்கிற கன்றைப் பார்த்துக்கொள்ளும், இன்னும் உருவாகாத கன்றுக்கு அதனிடம் மிச்சமில்லை. மகாராணிக்கு 690 கிலோ உடம்பையும் காப்பாற்ற வேண்டும், குடம் குடமாகப் பாலும் கொடுக்க வேண்டும். எங்கள் புல்லில் இரண்டுக்கும் சேர்த்துச் சத்து இல்லை. வேறொரு இடத்தில், வருஷம் முழுக்கப் பச்சை இருக்கிற நிலத்தில், அவள் ஒருவேளை நிஜமாகவே மகாராணியாக இருந்திருப்பாள்.

மூளியின் பக்கத்தில் இருந்த எண்கள்: 12, 8, 15, 6, 11, 7, 14, 9, 7. ஒன்பது ஈற்று, ஒன்றுகூட முதல் மூன்று வாரத்தைத் தாண்டவில்லை. வைத்தியம் பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை. கன்று இழுத்ததாக இல்லை, மடிநோய் இல்லை, நொண்டியது இல்லை. ஒன்பது வருஷமாக என் வேலையில் ஒரு நிமிஷத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்னும் ஒன்று இருந்தது, அதுதான் என்னை உண்மையில் உலுக்கியது. அன்று காலை மேடையில் மூளியின் கன்று 244 கிலோ, மகாராணியின் கன்று 221. ஆனால் நான் கிடேரிகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மகாராணியின் கன்று 277 என்றும் மூளியின் கன்று 219 என்றும் இருந்தது. பொய்க்கணக்கு இல்லை. 205 நாள் எடை என்று எல்லோரும் போடுகிற கணக்குதான். கன்றுகள் வெவ்வேறு நாளில் பிறப்பதால், ஒவ்வொன்றும் தினமும் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, எல்லாவற்றையும் 205 நாள் வயதுக்குச் சமன்படுத்தி ஒப்பிடுவார்கள். கன்றின் வளர்ச்சித்திறனை ஒப்பிட அது நியாயமான கணக்கு, அதில் தவறே இல்லை. ஆனால் தாமதமாகப் பிறந்ததையும் அதே கணக்கு துடைத்துவிடுகிறது. மகாராணி 84ஆம் நாள் ஈன்றதன் தண்டனை முழுவதையும் நானே என் கையால் அழித்துவிட்டு, அப்புறம் பட்டியலின் உச்சியில் அவள் கன்றைப் பார்த்துப் பூரித்திருக்கிறேன். விற்கிற இடத்தில் யாரும் 205 நாளுக்குச் சமன்படுத்திப் பணம் கொடுப்பதில்லை. மேடையில் நிற்கிற எடைக்குத்தான்.

யானையைக் கட்டித் தீனி போட்ட கதை

மாடுகள் ஏன் வளர்ந்தன? நான்தான் வளர்த்தேன். ஒவ்வொரு வருஷமும் கன்றுகளைப் பிரித்ததும் கிடேரிகளை ஒரு பட்டியில் விட்டு, இருப்பதிலேயே பெரிய இருபதைப் பொறுக்கிக்கொள்வேன். பெரியதாக இருக்க இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பருவத்தின் தொடக்கத்திலேயே பிறந்தது. தினம் ஒரு கிலோ ஏறுகிற வயதில் ஆறு வாரம் முந்திப் பிறந்த கன்றுக்கு நாற்பது கிலோ கூடுதல். இது நல்ல காரணம். இன்னொன்று, பெரிய உடம்புக்கான ரத்தம். என் கண்ணுக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பட்டியலோ முதல் காரணத்தைத் துடைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் காட்டியது.

காளைகள் விஷயம் அதைவிட மோசம். ஒரு காளை ஒரு பருவத்தில் இருபத்தைந்து பசுக்களைச் சேர்கிறது. மந்தைக்கான கிடேரிகளை அதன் மகள்களிலிருந்தே எடுத்துக்கொண்டு போனால், ஒரு கன்றின் ரத்தத்தில் பாதி அதன் தகப்பனுடையது, கால் பங்கு தாய்வழித் தாத்தாவுடையது, அரைக்கால் அதற்கு முந்தியவனுடையது. அதாவது கடைசி மூன்று காளைகள் சேர்ந்தாலே எட்டில் ஏழு பங்கு. பசுக்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது மந்தையைச் செய்துகொண்டிருப்பது மூன்று தலைமுறைக் காளைகள்தான். நான் வாங்கியவை எல்லாம் இபிடி பட்டியலில் ஒரு வயது எடைக்கு உச்சத்தில் இருந்தவை. இபிடி என்பது ஒரு காளையின் கன்றுகள் இன்னொரு காளையின் கன்றுகளைவிடச் சராசரியாக எவ்வளவு கூடும் குறையும் என்ற கணிப்பு. கருவி நல்ல கருவிதான். ஆனால் வேகமாக வளரும் குணத்தை எடுத்தால் அதோடு பிறப்பு எடையும் வளர்ந்த மாட்டின் எடையும் ஒட்டிக்கொண்டு வரும். விற்றுவிடப்போகிற கன்றுகளுக்கு மட்டும் அந்தக் காளை தகப்பனாக இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. அவனுடைய மகள்களை வைத்துக்கொண்டதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பெரிய மாட்டுக்கு எவ்வளவு கூடுதல் தீனி? எடைக்கு நேர் விகிதத்தில் ஏறாது. உடம்பைக் காப்பாற்றத் தேவையான சத்து, எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வரும் எண்ணோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். அந்தக் கணக்கில் 500 கிலோ மாட்டைவிட 680 கிலோ மாட்டுக்கு எடை 36 சதவீதம் கூடினாலும் தேவை 26 சதவீதம்தான் கூடும். பெரிய மாட்டின் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லித்தான் வாதாடுவார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த 26 சதவீதத்துக்கு ஈடாகக் கன்று கனக்க வேண்டுமே? கனக்கவில்லை. புல் அளந்து வைத்த மாதிரிதான் வளர்கிறது. 520 கிலோ மாடுகள் 140 மேய்ந்த நிலத்தில் 607 கிலோ மாடுகள் 140 மேய்ந்துகொண்டிருந்தன. மழை பொய்த்த வருஷத்தில் எல்லாமே இளைத்து நின்றபோது நான் வானத்தைத் திட்டினேன். மாடு இளைத்தாலும் கொம்பு இளைக்காது என்பார்கள். அப்படித்தான், எங்கள் மாடுகள் எலும்பிலும் உயரத்திலும் கம்பீரமாகவே இருந்தன, சதைதான் இல்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். அமெரிக்காவில் 1940களிலும் 50களிலும் கண்காட்சிகளில் குட்டையான, பெட்டி மாதிரி அமைப்பான மாடுகள்தான் பரிசு வாங்கின. ஆளின் இடுப்பு உயரத்துக்கே நின்ற காளைகள். அந்தக் குட்டை உருவத்தை விரட்டிக்கொண்டு போனதில் ஹெரிஃபோர்டு, ஆங்கஸ் என்ற இனங்களின் மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறக்க ஆரம்பித்தன. குள்ளத்தன்மை ஒடுங்கு மரபணுவால் வருவது. அதை ஒற்றையாகச் சுமக்கிற மாடு குள்ளமாக இருக்காது, கொஞ்சம் கச்சிதமாக, நடுவர்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கும். ஆகவே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து நோயைப் பெருக்கியிருக்கிறார்கள். அப்படிச் சுமக்கிற இரண்டு சேர்ந்தால் நான்கில் ஒரு கன்று குள்ளம். அதிலிருந்து பயந்து ஓடியவர்கள் மறுகோடிக்குப் போனார்கள். 1970களிலும் 80களிலும் ஐரோப்பியப் பெரிய இனங்கள் வந்து சேர, உயரம்தான் எல்லாம் என்று ஆனது. இரண்டு காலத்திலும் மாட்டைப் பார்த்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். கண் பழகியது வேறு வேறு உருவத்துக்கு, அவ்வளவுதான்.

சின்ன மாடுதான் நல்ல மாடா?

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் யாராவது "அப்போ சின்ன மாடாக வைத்துக்கொண்டால் சரி" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் ஒரு ஆறு மாதம் அந்த மதத்தில் இருந்தேன். தாயின் எடையில் எத்தனை சதவீதம் கன்று என்று ஒரு கணக்கு உண்டு. மூளிக்கு 485இல் 244, ஐம்பது சதவீதத்துக்கு மேல். மகாராணிக்கு 690இல் 221, முப்பத்திரண்டு. பார்த்தவுடன் தீர்ப்பு எழுதிவிடலாம் போல இருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்தச் சதவீதம் சின்ன மாட்டுக்குச் சாதகமாகவே சாய்ந்த தராசு, வகுக்கிற எண் சின்னதாக இருந்தால் விடை பெரிதாகத்தானே வரும். இன்னொரு கோளாறும் இருக்கிறது. எடை போடுகிற அன்று எலும்பும் தோலுமாக நிற்கிற மாட்டுக்குச் சதவீதம் எகிறும், அது அடுத்த வருஷம் சினை நிற்காத மாடாக இருந்தாலும். இதே பட்டியலில் 470 கிலோ மாடுகள் இரண்டு சினை இல்லாமல் இருந்தன. 640 கிலோ மாடு ஒன்று எட்டு வருஷமாக முதல் மூன்று வாரத்திலேயே ஈன்றுகொண்டிருந்தது. அது எப்படிச் சமாளிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் சமாளிக்கிறது, நோட்டு சொல்கிறது. ஆகவே எடைமேடையைத் திரும்பக் கொடுத்துவிட்டுத் தேதிப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டேன். எந்த உடம்பு இந்த நிலத்துக்குப் பொருந்துகிறது என்பதை என்னைவிட நிலம் நன்றாகக் கணக்குப் போடுகிறது, விடையை ஈன்ற தேதியாக எழுதிக் கொடுக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. டெக்சாஸில் டாம் லசாட்டர் 1930களின் தொடக்கத்திலேயே, நெஞ்சில் ஈரமே இல்லாமல் இதைச் செய்திருக்கிறார். பிராமன், ஹெரிஃபோர்டு, ஷார்ட்ஹார்ன் மூன்றையும் கலந்து பீஃப்மாஸ்டர் என்ற இனத்தை உருவாக்கியவர். சாந்தம், சினைத்திறன், எடை, உடலமைப்பு, தாக்குப்பிடிக்கும் உறுதி, பால் என்று ஆறு குணங்களை மட்டும் பார்ப்பார். நிறத்தைப் பற்றியோ கொம்பைப் பற்றியோ கவலையே படமாட்டார். கிடேரி இரண்டு வயதில் ஈன வேண்டும், அப்புறம் வருஷா வருஷம் ஈன வேண்டும், தவறினால் வெளியே. மூளியைப் போன்ற ஒரு மாட்டை அவர் கண்டுபிடிக்க ஒன்பது வருஷம் ஆகியிருக்காது.

அந்தப் பிராமன் என்ற பெயரைச் சொன்னதும் ஒரு சின்னக் கிளைக்கதை. திமில் வைத்த அந்த அமெரிக்க இனம் இந்தியாவிலிருந்து போன காங்ரேஜ், ஓங்கோல், கிர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளின் கலவை. பிரேசிலின் பரந்த மேய்ச்சல் வெளிகளை வெள்ளையாக நிரப்பியிருக்கும் நெலோரும் ஓங்கோலின் வம்சம்தான். வெயிலையும் உண்ணியையும் தாங்குவதற்காக உலகமே இந்தத் திமிலைத் தேடிப்போனது. மூளியின் கழுத்துத் தோல் தொங்குவதையும் காது நீளத்தையும் பார்த்தால் அவளுக்குள்ளும் கொஞ்சம் அந்த ரத்தம் இருக்க வேண்டும். நல்ல கலப்பு மாடு. கலப்பின வீரியம், அதாவது வேறு வேறு இனங்கள் கலக்கும்போது கன்றுக்குக் கிடைக்கும் கூடுதல் பலம், மிக அதிகமாகக் கைகொடுப்பது சினை நிற்பதிலும் ஆயுளிலும்தான், தேர்வு செய்து மிக மெல்லத்தான் முன்னேற்ற முடிகிற குணங்கள் அவை. சினைத்திறனில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் ரத்தத்தோடு வருவது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், வளர்ச்சி வேகத்தில் பத்தில் மூன்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூளியின் ஐந்து மகள்களையும் வைத்திருந்தால் ஐந்தும் மூளியாக இருந்திருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒன்றாவது இருந்திருக்கும் இல்லையா? அந்த 'ஒன்றாவது' என்ற இடத்தில்தான் என் மனசு சிக்கிக்கொண்டு நிற்கிறது.

அப்புறம் நடந்தவை

மகாராணியை அந்த வருஷமே விற்றிருக்க வேண்டும். விற்கவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். சினையும் இல்லாமல் கன்றும் இல்லாமல் ஒரு வருஷம் சும்மா தின்ற மாடு கொழுத்து மெருகேறி, காளையை விட்ட முதல் வாரத்திலேயே சினை நின்று, அடுத்த பருவத்தில் 4ஆம் நாள் ஈன்றது. நான் பெரியவரிடம் போய் "பார்த்தீங்களா அண்ணே" என்று வேறு சொன்னேன். அந்த வருஷப் பரிசோதனையில் மறுபடி சினை இல்லை. வண்டியில் ஏற்றும்போதுகூட அவள் அழகாகத்தான் இருந்தாள். அவள் மகள்களில் மூத்ததும் இதே வழியில் நழுவிப் போனது. இளையது இன்னும் இருக்கிறது, இந்த வருஷம் 19ஆம் நாள்.

இப்போது காளைகளை 63 நாளுக்கு மேல் மந்தையில் விடுவதில்லை. மூன்று சுற்று, அவ்வளவுதான். முன்பு 120 நாள் விட்டிருந்தோம், அதில் எந்த மாடும் எப்படியாவது சினை பிடித்துவிடும், நானும் சினை விகிதம் நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வேன். குறைத்த முதல் வருஷம் 27 மாடுகள் தவறின. அந்த எண்ணை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது. இருபது கிடேரியைப் பொறுக்குவதற்குப் பதிலாக, முதல் மூன்று வாரத்தில் பிறந்த கிடேரிகள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, வளர்ந்த எடையில் அறுபத்தைந்து சதவீதத்துக்கு வந்ததும் சின்னக் கன்று போடுகிற காளையோடு குறுகிய காலம் விட்டு, நின்றது தங்கட்டும், நிற்காதது போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். கிடேரியாகவே போனால் கறிக்கு நல்ல விலைதான், நஷ்டமில்லை. பெரிய இனத்துக் காளைகள் இன்னும் இருக்கின்றன, அவற்றின் கன்றுகள் ஒன்றுவிடாமல் விற்பனைக்கு.

கண்ணை ஒரேயடியாக நம்பாமல் விட்டுவிடவும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் யான் போன்ஸ்மா, பசுவின் தோள், கழுத்து, ரோமத்தைப் பார்த்தே அது ஈனுகிற மாடா இல்லையா என்று சொல்வதில் பேர்போனவர். எல்லாவற்றையும் அளந்து பார்க்கச் சொன்னவரும் அவரேதான். எனக்கு அந்தக் கண் இல்லை. அதனால் என் கண்ணுக்கு மூன்று வேலை மட்டும் கொடுத்திருக்கிறேன்: குளம்பு, மடி, குணம். புட்டி மாதிரி உப்பிய காம்பை, பிறந்து ஒரு மணி நேரமான கன்றால் வாயில் பிடிக்க முடியாது. குளம்பு வளைந்த மாடு மேட்டு நிலத்துக்கு ஏறாது. ஆளைக் கண்டதும் வேலியைத் தாண்டுகிற மாடு மற்ற இருபதையும் கெடுத்துவிடும், அந்தக் குணமும் மகளுக்குப் போகும். இது மூன்றையும் பார்த்தபின் பட்டியை விட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

மூளியிடமிருந்து ஒரு கிடேரியாவது எடுத்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன். எடைமேடை வந்த மறுவருஷம் 10ஆம் நாள் ஈன்றாள். காளைக்கன்று. வழக்கம்போல மற்ற காளைக்கன்றுகளோடு சேர்த்துக் காயடித்தாயிற்று. அதற்கடுத்த வருஷம் 5ஆம் நாள் விடியற்காலை பெரியவர் வந்து கூப்பிட்டார். இரட்டை. ஒன்று கிடேரி! எனக்குக் கால் தரையில் படவில்லை. பெரியவர் இன்னொன்றின் வாலைத் தூக்கிக் காட்டினார். அது காளை.

மாடு வளர்க்கிறவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. காளையோடு ஒரே வயிற்றில் வளர்ந்த கிடேரி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. கருப்பையில் இரண்டின் ரத்த ஓட்டமும் கலந்து, பெண் கன்றின் உறுப்புகள் முழுதாக உருவாகாமல் போய்விடும். மிச்சமிருக்கும் பத்தில் ஒன்றாக இருக்காதா என்று சில மாதம் வைத்திருந்து, மருத்துவரைக் கூப்பிட்டு உள்ளே அளந்து பார்த்தோம். பாதை பாதியிலேயே முடிந்துவிட்டது.

அந்தக் காளைக்கன்றைக் காயடிக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நியாயம்தான், பழுப்பாக, குட்டையாக, தொங்கும் தோலோடு, பார்த்தால் காளை என்று வைத்துக்கொள்ளத் தோன்றாது. பதினைந்து மாதத்தில் பரிசோதித்தபோது விரைப்பைச் சுற்றளவு 34 சென்டிமீட்டர், அந்த வயதுக்கு 30 இருந்தாலே தேறிவிடும். விந்தும் சுத்தமாக இருந்தது. மூளிக்கு உறவில்லாத பசுக்களாகப் பார்த்துப் பதினெட்டோடு விட்டேன். பதினாறு ஈன்றன, அதில் ஒன்பது கிடேரி. மூளி அதற்கடுத்த குளிரில் பல் எல்லாம் தேய்ந்துபோய், ஒரு நாள் எழுந்திருக்கவில்லை.

அந்த ஒன்பதில் முதல் மூன்று வாரத்தில் பிறந்தவை ஏழு, அவை இந்த மாதம் பட்டியில் நிற்கின்றன. ஏழும் வைத்துக்கொள்ள வேண்டியவைதான், விதி அப்படி. நேற்று சாயங்காலம் தண்ணீர்த்தொட்டியைப் பார்க்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். ஏழில் ஒன்று கறுப்பு, எந்தப் பாட்டியிடமிருந்து வந்ததோ, நீண்ட முதுகு, ஆழமான விலா, மற்றவற்றைவிட ஒரு கை உயரம். பெரியவர் வந்து கேட்டைச் சாத்தும்வரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.